உங்களிடம் என்ன மெட்டு இருக்கிறது?

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது பள்ளியிலிருந்து வந்த பட்டியலில் பென்சில், பசை, கத்தரிக்கோல் இவற்றோடு "டின் விசில், டி" என்றும் ஒரு வரி இருந்தது. நாங்கள் அயர்லாந்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிளேர் கவுண்டியில் என்னிஸ் என்ற ஊர். எனக்கு நர்ஸ் வேலை. விசில் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தவை மூன்று: குக்கர் விசில், கண்டக்டர் விசில், தியேட்டர் விசில். கடையில் கேட்டதும் ஒரு அடி நீளத்தில் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே பிளாஸ்டிக் வாய், கீழே ஆறு துளை. பன்னிரண்டு யூரோ.

அன்று இரவு மகள் தூங்கிய பிறகு எடுத்து ஊதிப் பார்த்தேன். ஊதியதும் சத்தம் வந்துவிட்டது. சின்ன வயதில் அண்ணனின் புல்லாங்குழலை வாங்கி ஒரு வாரம் ஊதியும் காற்றைத் தவிர வேறெதையும் கேட்காதவள் நான். இதில் உதட்டுக்கு வேலையே இல்லை, வாய்க்குள்ளேயே காற்றுக்கு வழி வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுலபம்தான் என்னைக் கவிழ்த்தது. ஓசை சீக்கிரம் வந்துவிட்டால் பாட்டும் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பினேன்.

மறுநாள் தஞ்சாவூரில் இருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏண்டி, நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பீப்பி ஊதறியா?" என்றார். அம்மா கேட்டதில் தப்பில்லை. முதல் ஆறு மாதம் நான் ஊதியது பீப்பிதான்.

அந்த ஆறு மாதமும் வீணானதற்கு விரல் காரணமில்லை. எதை முதலில் கற்றுக்கொள்வது என்று தேர்ந்தெடுத்ததில்தான் மூன்று முறை சறுக்கினேன்.

முதலாவது, ஒரு சினிமாப் பாட்டு. பனிப்பாறையில் மோதி மூழ்கிய கப்பலைப் பற்றி 1997-இல் வந்த படம், அதன் பாட்டுக்கு முன்னால் ஒரு விசில் வருமே, அது. விசில் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஆசை அதில்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு கூடவே ஊதினேன். எதுவும் சேரவில்லை. நான்தான் தப்பாக ஊதுகிறேன் என்று மூன்று வாரம் போராடினேன். அந்தப் பாட்டு இ மேஜரில், அதாவது இ-யை ச-வாக வைத்த வரிசையில், இருக்கிறது. அதற்கு ஜி ஷார்ப்பும் டி ஷார்ப்பும் வேண்டும். என் கையில் இருந்த டி விசிலில் அவை இரண்டும் நேராகக் கிடையாது, துளையைப் பாதி மூடி வரவழைக்க வேண்டும். டி விசில் என்றால் ஆறு துளையையும் மூடினால் டி ஒலிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் டி மேஜர் வரும் என்ற அடிப்படையே எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். பத்து வயதில் மூன்று வருடம் பாட்டு வகுப்புக்குப் போனவள் ஆயிற்றே, சரளி வரிசையிலிருந்து முறையாகத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். ச ஊதினேன். அடுத்தது ரி. அங்கேயே நின்றுவிட்டது. சரளி வரிசை மாயாமாளவகௌளையில் இருக்கிறது. அதன் ரி, ச-வை ஒட்டிய சுத்த ரிஷபம். விசிலில் கடைசி விரலை எடுத்தால் வருவதோ சதுஸ்ருதி ரிஷபம். த-விலும் இதே கதை. இந்தக் குழாய் தானாகக் கொடுப்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்களை. நான் அதனிடம் போய் மாயாமாளவகௌளை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சறுக்கல்தான் பெரியது. ஊருக்குள் ஒரு பப்பில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த மெட்டு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பெயர் கேட்டேன், ட்ரௌஸி மேகி என்றார்கள். தூங்குமூஞ்சி மேகி. பெயருக்கும் மெட்டுக்கும் சம்பந்தமே இல்லை, பேய் வேகம். அது ரீல் என்ற நடன மெட்டு வகை. வீட்டுக்கு வந்து முதல் பாதியை இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டேன். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் பதிந்துவிடும். இரண்டாம் பாதி மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. அங்கே போனதும் என் விசில் கீச்சென்று கத்தியது. சரி, முதல் பாதியையே இன்னும் வேகமாக ஊதலாம் என்று அதையே நான்கு மாதம் ஊதினேன்.

காலை ஏழு மணிக்கு நைட் டூட்டி முடித்து வந்து மேல் ஸ்தாயி பழகியதில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டினார். மிக மரியாதையாகப் பேசினார். அது திட்டியிருப்பதைவிட மோசமாக இருந்தது. விசிலின் மேலே காற்று வெளியேறும் சதுரத் திறப்பின் ஒரு ஓரத்தை டேப் ஒட்டி மறைத்தால் சத்தம் குறையும் என்று அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொனி கெட்டுவிடும். ஆனால் விரல் பழக அது போதும்.

என்னிஸில் மெதுவாக வாசிப்பவர்களுக்கென்றே ஒரு கூட்டம் வாரம் ஒருமுறை கூடும். ஸ்லோ செஷன் என்பார்கள். அயர்லாந்தில் பல ஊர்களில் உண்டு. அங்கே ஒருநாள் துணிந்து போனேன். டீ வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். பப்பில் டீ கேட்டால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வட்டத்தில் இருந்த வயதான பிடில்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்களிடம் என்ன மெட்டு இருக்கிறது?" என்று கேட்டார். இங்கே மெட்டைத் தெரியும் என்று சொல்வதைவிட இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், வீட்டில் பசு இருக்கிறது என்பதுபோல. நான் ட்ரௌஸி மேகி என்றேன். அவர் உற்சாகமாகத் தொடங்கினார். முதல் பாதியை வாசித்தேன். இரண்டாம் பாதியில் விசிலை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். மறுபடி முதல் பாதி, மறுபடி கூரை. ஒரு மெட்டை மூன்று முறை சுற்றுவது வழக்கம் என்பதால் இது மூன்று முறை நடந்தது.

முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை. பாதி ட்ரௌஸி மேகி வைத்திருப்பவர்கள் இந்தக் கவுண்டியில் நிறையப் பேர் என்றார். முழுசாக ஒரு போல்கா வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றும் சொன்னார். போல்கா இன்னொரு நடன மெட்டு வகை.

என் கணக்கு அந்த வாக்கியத்தில்தான் மாறியது. முழுசாக ஒன்று. எவ்வளவு சின்னதானாலும் சரி.

ஆனால் எந்த ஒன்று? 1903-இல் சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் என்ற கார்க் கவுண்டிக்காரர் வெளியிட்ட ஐரிஷ் இசைத் தொகுப்பில் மட்டும் 1850 மெட்டுகள் இருக்கின்றன. அதற்குப் பின் சேர்ந்தவை எத்தனையோ. கடலைப் பார்த்து எந்தச் சொட்டை முதலில் குடிப்பது என்று யோசிப்பதுபோல ஆயிற்று.

விடை என் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. ஒரு சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். உள் அறையில் மகள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைத் தட்டுத் தடுமாறி ஊதிக்கொண்டிருந்தாள். என் வாய் தானாக முணுமுணுத்தது: "வந்தே மீனாக்ஷி..." கரண்டியோடு உள்ளே ஓடினேன். "என்ன பாட்டு இது?" "ரேக்ஸ் ஆஃப் மேலோ. டீச்சர் கொடுத்தாங்க." மேலோ என்பது கார்க் கவுண்டியில் இருக்கும் ஊர். எங்கள் வீட்டிலிருந்து தெற்கே காரில் போய் வரக்கூடிய தூரம்தான்.

பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்கு நோட்டுஸ்வரம் என்று சில சொல்லித் தருவார்கள், நினைவிருக்கிறதா? முத்துஸ்வாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதியவை. ஏறக்குறைய 40 இருக்கும், எல்லாம் சங்கராபரணம். மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டுச் செய்தார் என்பார்கள். "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. "வந்தே மீனாக்ஷி" இந்த ரேக்ஸ் ஆஃப் மேலோ. தஞ்சாவூரில் பாய் விரித்து உட்கார்ந்து நான் பாடிய பாட்டு, 200 வருடத்துக்கு முன்னால் கப்பலேறிப் போன அயர்லாந்து மெட்டு என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று இரவே உட்கார்ந்தேன். மூன்று நாளில் முதல் பாதி, அடுத்த நான்கு நாளில் மீதி. நான் கெட்டிக்காரி ஆகிவிடவில்லை. மெட்டு முப்பது வருடமாகத் தலைக்குள் இருந்தது. விரலுக்கு வேலை இருந்ததே தவிர, "அடுத்து என்ன?" என்று மூளை தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதம் நான் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறேன்: தெரியாத மெட்டைக் கற்பது, தெரியாத வாத்தியத்தைக் கற்பது. இதில் ஒன்றைக் கழித்துவிட்டால் மற்றது நடக்கிறது.

அதனால் யாராவது என்னிடம் முதல் மெட்டு எது என்று கேட்டால், பெயர் எதுவும் சொல்வதற்கு முன் பாடிக் காட்டச் சொல்கிறேன். லா லா என்று முதலிலிருந்து கடைசிவரை, இரண்டு பாதியையும் தடங்கலில்லாமல் பாட முடிகிற மெட்டு எதுவோ அதுதான் விசிலுக்குத் தயாரான மெட்டு. பாட முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கேட்டுவிட்டுத்தான் விசிலைத் தொட வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது, பேருந்தில் போகும்போது. இங்கே பழைய ஆட்கள் பலர் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள், காகிதம் பார்த்து அல்ல. பெரும்பாலான நடன மெட்டுகள் எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டங்கள், கொண்ட இரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று. ஜிக் என்ற நடன மெட்டு ஒன்றைச் செஷன் வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று அரை நிமிடத்துக்குச் சற்று மேல். மனப்பாடம் செய்ய மலைப்பான நீளம் இல்லை.

ரேக்ஸ் ஆஃப் மேலோ எனக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. ஆசையாக ஆறு துளையையும் மூடி, அடி டி-யை ச-வாக வைத்துத் தொடங்கினேன். "ச க ச க" என்று நன்றாகத்தான் போனது. அடுத்த வரியில் "நி ரி நி ரி" வருகிறது, அதுவும் ச-வுக்குக் கீழே உள்ள நி. ஆறு துளையும் மூடிய பிறகு இன்னும் கீழே போக விசிலில் இடம் ஏது? மகளைப் பார்த்தேன். அவள் மூன்று விரலை மட்டும் மூடித் தொடங்குகிறாள். அது ஜி. ஜி-யை ச-வாக வைத்தால் கீழே மூன்று ஸ்வரத்துக்கு இடம் கிடைக்கிறது. பாட்டு வகுப்பில் மத்யம ஸ்ருதி என்று ம-வை ச-வாக வைத்துச் சில பாட்டுகளைப் பாடுவோமே, அதே ஏற்பாடு. டி விசிலுக்கு எழுதியிருக்கும் மெட்டுகளில் பாதி டி-யில் இருந்தால் பாதி ஜி-யில் இருப்பது இதனால்தான். ஒரு மெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மிகக் கீழான ஸ்வரம் எது என்று முதலில் பார்த்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

ஜி-யில் ஒரு சிக்கல் உண்டு. அதன் ம-வாக வருவது சி நேச்சுரல், அதாவது ஷார்ப் இல்லாத சி. விசில் நேராகக் கொடுப்பது சி ஷார்ப், எல்லா விரலையும் எடுத்தால் வருவது. சி நேச்சுரலுக்கு மேல் துளையைத் திறந்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் மூடி, மற்ற மூன்றையும் திறந்து வைக்க வேண்டும். ஒரு விரல் மேலே போகும்போது இரண்டு விரல் கீழே இறங்க வேண்டும். தொடக்கத்தில் இது நாக்கைக் கடித்துக்கொள்வதுபோல இருக்கும். ரேக்ஸ் ஆஃப் மேலோவில் அந்த ஸ்வரம் சற்று நீண்டு நிற்பதால் தப்பித்தேன். வேகமாகக் கடந்து போகும் இடத்தில் அது இருந்திருந்தால் அந்த மெட்டையும் பாதியில் விட்டிருப்பேன்.

ம-வே இல்லாத மெட்டு கிடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தேடினேன். கிடைத்தது. கார்க், கெரி கவுண்டிகளின் எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்ற மலைப்பகுதி இருக்கிறது, போல்காக்களுக்குப் பெயர் போன இடம். அந்தப் பக்கத்து மெட்டு ஒன்று: பிரிட்சஸ் ஃபுல் ஆஃப் ஸ்டிட்சஸ், ஒட்டுத் தையல் போட்ட கால்சட்டை. அங்கே பிடில்காரர்கள் ஏ-யில் வாசிப்பார்கள், விசிலுக்கு ஜி வசதி. ஜி, ஏ, பி, டி, இ, ஐந்தே ஸ்வரம். ச ரி க ப த. மோகனத்தின் ஸ்வரங்கள் அல்லவா என்று துள்ளினேன். ராகம் இல்லைதான், கமகம் கிடையாது, பிடியும் வேறு. ஆனால் மோகனத்தில் ஊறிய காதுக்கு அடுத்த ஸ்வரம் எங்கே போகும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது. போல்கா என்பதால் தாளமும் எளிது. முழுசாக ஒரு போல்கா என்று பெரியவர் கேட்டதற்கு நான் கொண்டுபோனது இதைத்தான்.

போல்கா எல்லாமே எளிது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈகன்ஸ் போல்கா என்று ஒன்று, புதியவர்களுக்கு என்று எல்லோரும் கை காட்டுவது. மெட்டு காதுக்கு மிக எளிதுதான். ஆனால் வழக்கமாக வாசிக்கும் டி-யில் அது மேல் ஸ்தாயி க-வில் தொடங்கி உடனே கீழே ப-வுக்குக் குதிக்கிறது. "க ப த ப, க ப த ப" என்று மறுபடி மறுபடி. விசிலில் மேல் ஸ்தாயிக்குத் தனி விரல் கிடையாது, அதே விரல்தான், காற்றைக் கொஞ்சம் அழுத்தி ஊத வேண்டும். ஆக ஒவ்வொரு குதிப்புக்கும் மூச்சை அழுத்தித் தளர்த்த வேண்டியிருக்கிறது. எனக்கு இது வர மூன்று மாதம் ஆயிற்று. மெட்டு எளிதா என்பதும் விசிலில் எளிதா என்பதும் இரண்டு கேள்விகள். பிடில்காரர் எளிது என்று சொன்னால் அது பிடிலுக்கு எளிது.

மேல் ஸ்தாயியை எப்படியும் ஒருநாள் சந்தித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு நான் சொல்வது ஃபான்யா கியால் அன் லே, விடியல் வெளிச்சம் என்று பொருள். பள்ளிக் குழந்தைகள் ஊதக் கேட்டிருக்கிறேன். கவிஞர் பேட்ரிக் கவானாவின் கவிதை ஒன்றை இந்த மெட்டில்தான் பாடுகிறார்கள், அதனால் பப்பில் பாதிப்பேருக்கு வாயில் இருக்கும். அடி ச-விலிருந்து ச ரி க என்று படி ஏறுவதுபோல ஏறும். பெரும்பகுதி கீழ் ஸ்தாயிக்குள்ளேயே இருக்கிறது. அடி டி நன்றாக ஒலிக்க ஆறு துளையும் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும் என்பதால், விரல் நுனியால் அமுக்காமல் விரலின் தட்டையான பகுதியை வைக்க இந்த ஒரு மெட்டே பழக்கிவிடும்.

மெதுவான மெட்டு என்றால் எளிது என்று நினைப்பதும் நான் விழுந்த ஒரு குழி. ஸ்லோ ஏர் என்ற வகைக்குத் தாளக்கட்டு இல்லை, ஐரிஷ் மொழிப் பாட்டின் சொற்களை ஒட்டி நீண்டும் சுருங்கியும் போகும். அந்தப் பாட்டைக் கேட்டிராதவர் ஊதினால் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல இருக்கும். ஆலாபனையை முதல் பாடமாக யாராவது எடுப்பார்களா? நிதானம் வேண்டுமென்றால் வால்ட்ஸ் பக்கம் போகலாம். அரன் தீவுகளில் ஒன்றின் பெயர் கொண்ட இனிஷீர், டாமி வால்ஷ் இயற்றியது. மூன்று மூன்றாகத் தாளம் பிடித்துக்கொண்டு போகும், நீண்ட ஸ்வரங்கள் நிறைய. தொனியைக் காது கொடுத்துக் கேட்க நேரம் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு நடன வேகத்துக்கு முதலில் எடுக்க வேண்டியது எது என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. கெஷ் ஜிக். ஜிக் என்பது ஆறெட்டு, அதாவது தகிட தகிட. ஜி-யை ச-வாக வைத்து இப்படித் தொடங்கும்:

ச ரி ச, ச ரி க / ரி க ரி, ரி க ப / த ப ப, ச ப ப / த ப க, ப க ரி

மூன்றாவது துண்டில் வரும் ச மேல் ச. நான் கற்ற வடிவத்தில் ம வரவே வராது, அதாவது அந்தச் சி நேச்சுரல் தொல்லை இல்லை. முதல் இரண்டு துண்டும், கடைசியில் வரும் ப-வைத் தவிர, பக்கத்துப் பக்கத்து விரல்கள். மேல் ஸ்தாயிக்கு ஏறுவதும் ஒரு படியாக நடக்கிறது, திடீர்க் குதிப்பு குறைவு. இரண்டாம் பாதி கொஞ்சம் மேலே போகும், ஆனால் அதற்குள் கை சூடாகியிருக்கும். இன்னொன்று, செஷன்களில் இது தெரியாதவர் அரிது. உங்கள் ஊரில் எதை வாசிக்கிறார்கள் என்பது மெட்டுத் தேர்வில் பாதி. யாரும் வாசிக்காத அருமையான மெட்டைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் பின்னால் ஒரு மூன்று வாரம் விசிலை எடுக்காமல் செஷனில் உட்கார்ந்து, அடிக்கடி வந்த மெட்டுகளின் பெயர்களை மட்டும் டூட்டி நோட்டின் பின்பக்கம் எழுதிவந்தேன். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவும் செய்துகொண்டேன். கேட்காமல் பதிவு செய்வது மரியாதை இல்லை. அந்தப் பட்டியலில் மூன்று வாரமும் இருந்தது கெஷ் ஒன்றுதான்.

மூச்சு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கெஷ் ஜிக் உங்களைத் திணறடித்துவிடும். இந்த மெட்டுகளில் ஓய்வுக்கு இடமே கிடையாது. பிடிலுக்கும் அக்கார்டியனுக்கும் மூச்சு தேவையில்லை, நமக்குத் தேவை. இடம் கிடைக்கும்போது மூச்சு வாங்கலாம் என்று காத்திருந்தால் கிடைக்காது, ஒரு ஸ்வரத்தைப் பலி கொடுக்க வேண்டும். கெஷ் முதல் பாதியின் கடைசியில் மூன்று எண்ணிக்கைக்கு நீளும் ஒரு ச இருக்கிறது. அதை ஒன்றோடு வெட்டிவிட்டு மீதி இரண்டில் மூச்சு வாங்கலாம். மெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இப்படி நீண்டு நிற்கும் ஸ்வரம் எங்கெங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது. ரீல் எனக்கு முதலில் எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் பொடி ஸ்வரங்கள் நிற்காமல் ஓடும்.

வெட்டு, தட்டு, ரோல் என்று அலங்காரங்கள் எல்லாம் உண்டு. முதல் ஐந்து மெட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நான் அலங்காரத்தை முதலில் பிடித்துக்கொண்டு தாளத்தை விட்டேன். அதைத் திருத்தியது ஒரு பழைய ஒலிப்பதிவு. எங்கள் கவுண்டியிலேயே டூலினில் இருந்த விவசாயி, மைகோ ரஸல், 1994-இல் காலமானவர். அவர் விசிலைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஸ்வரம் குறைவு, அலங்காரம் குறைவு, ஆனால் கால் தானாகத் தட்டும். விசிலில் பெயர் பெற்ற மேரி பெர்கின் வாசிப்பதைக் கேட்டபோது எனக்கு விசிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்று தோன்றியது. ரஸலைக் கேட்டபோது பெட்டியைத் திறக்கத் தோன்றியது. புதியவர்கள் இரண்டு பேரையும் கேட்க வேண்டும், எந்த நாளில் யாரை என்பதில் கவனம் வேண்டும்.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். டி விசில்தான் வாங்க வேண்டும், சி வேண்டாம், செஷனில் வாசிக்கும் மெட்டுகள் டி விசிலுக்குப் பொருந்தும்படிதான் அமைந்திருக்கின்றன. ஜெனரேஷன், ஃபியடோக், கிளார்க் என்று பத்துப் பதினைந்து யூரோவில் கிடைப்பவை போதும். கிளார்க் விசில் 1843 முதல் இருக்கிறது, இங்கிலாந்தின் சஃபோக்கில் ராபர்ட் கிளார்க் என்பவர் தகரத்தை மடித்துச் செய்யத் தொடங்கியது. நினைவுப்பொருள் கடையில் பச்சை நிறத்தில் மின்னியது ஒன்றை நான் இரண்டாவதாக வாங்கி ஏமாந்தேன், இரண்டு ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. குளிரில் விசிலின் வாய்க்குள் ஈரம் கட்டி ஓசை அடைத்துக்கொள்ளும். வாசிக்குமுன் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்திருந்தால் சூடாகிவிடும். செஷனில் இதைச் செய்ய முதலில் வெட்கமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

ஒட்டுத் தையல் கால்சட்டையோடு திரும்பிப் போன வாரத்தைச் சொல்லவில்லையே. பெரியவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை பெயரைச் சொல்லிவிட்டு நானே தொடங்கினேன், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மெதுவாகத் தொடங்கியதால் எல்லோரும் மெதுவாகவே வாசிக்க வேண்டியிருந்தது. தொடங்குபவர்தான் வேகத்தை வைப்பார் என்பது அன்றுதான் தெரிந்தது. மூன்று சுற்று முடிந்ததும் நான் நிறுத்தினேன், அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டு மூன்று மெட்டுகளைச் சேர்த்து ஒரு கொத்தாக வாசிப்பார்கள். அடுத்த போல்காவுக்குள் அவர் நுழைந்துவிட்டார். ஈகன்ஸ். நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

மகள் இப்போது விசிலை விட்டுவிட்டு கான்சர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்துக்குப் போய்விட்டாள். அதன் விலை பன்னிரண்டு யூரோ இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அம்மா போன வருடம் கோடையில் வந்திருந்தபோது ரேக்ஸ் ஆஃப் மேலோ வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார், சாகித்யம் ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டாவது தடவை, "மெதுவா ஊது, மூச்சு வாங்குது" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

என்னிடம் இப்போது இருபத்து மூன்று மெட்டுகள் இருக்கின்றன. ட்ரௌஸி மேகி இன்னும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. இரண்டாம் பாதியை இந்த வாரம் பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விசில் இல்லாமல்.